நல்ல கார்டு வந்தும் சந்தை ஏன் நகரவில்லை?

கேள்வி இதுதான்: ஒரே விலையில் ஏஎம்டியின் கிராபிக்ஸ் கார்டு பல கேம்களில் நொடிக்கு அதிக ஃபிரேம் (படம்) தருகிறது, மெமரியும் கூடுதலாக இருக்கிறது, விமர்சகர்களும் பாராட்டுகிறார்கள். அப்படியிருந்தும் தனி கிராபிக்ஸ் கார்டு சந்தையில் என்விடியாவிடம் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது எப்படி? இன்டெல் வந்த பிறகும் எதுவும் மாறவில்லையே, இனி மாறுமா? இப்போது கார்டு வாங்க நினைப்பவர் இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டுமா?

இரண்டு கார்டுகளை அருகருகே வைத்து ஃபிரேம் எண்ணிப் பார்ப்பது கடைசிப் படி. சந்தைப் பங்கு முடிவாவது அதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்னால். சிப் ஆலையில் யார் எத்தனை வேஃபருக்கு (சிப்கள் வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டு) இடம் பிடித்தார்கள், லேப்டாப் நிறுவனங்கள் அடுத்த ஆண்டு மாடல்களுக்கு யாரோடு கைகோத்தார்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் எந்தக் கார்டை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதில்தான் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. என் கணிப்பில் ஏஎம்டி பல முறை கார்டில் ஜெயித்திருக்கிறது. அந்த ஜெயிப்பைத் தொடர்ந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு, போதுமான சரக்கோடு, நீட்டிக்க முடிந்ததா என்பதுதான் பிரச்சினை.

முதலில் அந்த எண்ணையே சரியாகப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் 90 சதவீதக் கணக்கு பெரும்பாலும் ஜான் பெடி ரிசர்ச் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் காலாண்டுதோறும் வெளியிடும் அறிக்கையிலிருந்து வருவது. 2025ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் என்விடியா 92, ஏஎம்டி 8 என்றும், இரண்டாம் காலாண்டில் 94, 6 என்றும் அது சொன்னது. இன்டெல்லின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இந்தக் கணக்கில் வருவது டெஸ்க்டாப்பில் செருகும் தனி கார்டுகள் மட்டும்தான். அதுவும் தயாரிப்பாளரிடமிருந்து விநியோகத்துக்குக் கிளம்பிய கார்டுகள். நீங்களும் நானும் அந்த மாதம் கடையில் வாங்கிய கார்டுகளின் எண்ணிக்கை இதில் நேரடியாக வராது.

அதனால் ஒரு காலாண்டை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். 2024இன் கடைசிக் காலாண்டில் ஏஎம்டியின் பங்கு 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆறு மாதத்தில் அது 6 ஆனது. இதற்குள் ஏஎம்டி கார்டு திடீரென்று மோசமாகிவிடவில்லை. சொல்லப்போனால் 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, பல ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட மிகச் சிறந்த கார்டுகளில் ஒன்று. ஆனால் அதே காலத்தில் என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையை மேலிருந்து கீழ்வரை பெரும் எண்ணிக்கையில் இறக்கியது. ஒருவர் வேகமாக ஓடும்போது மற்றவர் நடந்தால்கூட, பின்னால் போவது போலத்தான் தெரியும்.

ஒருங்கிணைந்த கிராபிக்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் படமே வேறு. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் லேப்டாப்கள் உலகம் முழுக்க விற்பதால், மொத்தக் கணினிச் சந்தையில் பாதிக்கும் மேற்பட்ட கிராபிக்ஸ் இன்டெல்லுடையது. கேம் விற்கும் ஸ்டீம் தளம் தன் பயனர்களிடம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் என்விடியா ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. அங்கே பல ஆண்டுக்கு முன் வாங்கிய கார்டுகளும் இருக்கும், லேப்டாப்பும் இருக்கும். மூன்று கணக்கும் மூன்று வெவ்வேறு விஷயத்தை அளக்கின்றன. எந்த விதத்தில் அளந்தாலும், விளையாடுவதற்காகத் தனி சிப் வாங்குபவர்களில் பெரும்பான்மை என்விடியா பக்கம்தான் என்பது மட்டும் மாறாது.

சரி, எப்படி இங்கே வந்தோம்? 1990களின் நடுவில் இந்தத் துறையில் கூட்டம் அலைமோதியது. எஸ்3, மேட்ராக்ஸ், டிரைடென்ட், சிரஸ் லாஜிக், செங் லேப்ஸ், ரெண்டிஷன், நம்பர் நைன், ஏடிஐ, என்விடியா, 3டிஎஃப்எக்ஸ் என்று பட்டியல் நீளும். 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸின் வூடு கார்டை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். முப்பரிமாண விளையாட்டு என்றால் வூடு என்ற நிலை இரண்டு மூன்று ஆண்டு நீடித்தது. அதே நிறுவனம் 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவிடம் விற்க ஒப்புக்கொண்டது.

அந்த வீழ்ச்சியை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், ஏனென்றால் இன்றைய கேள்விக்கான விடையில் பாதி அதில் இருக்கிறது. 3டிஎஃப்எக்ஸ் முதலில் சிப் மட்டும் செய்து பல நிறுவனங்களுக்கு விற்றது, அவர்கள் கார்டு செய்து கடைக்கு அனுப்பினார்கள். 1998 இறுதியில் எஸ்டிபி என்ற கார்டு நிறுவனத்தை வாங்கி, கார்டையும் தானே செய்ய முடிவெடுத்தது. அதோடு அதுவரை அதன் சிப்பை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் போட்டியாளராகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு சிப் வேண்டும். என்விடியா கையில் சிப்போடு தயாராக நின்றது. இன்னொரு பக்கம், என்விடியா ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை ஒரே நேரத்தில் வெவ்வேறு தலைமுறையில் வேலை செய்ய வைத்து, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு புதிய சிப் என்ற வேகத்தைப் பிடித்தது. 3டிஎஃப்எக்ஸின் அடுத்த பெரிய சிப் தாமதமானது. கார்டு மோசம் என்பதால் அந்த நிறுவனம் சாகவில்லை. சரக்கு போகும் வழியை மூடிக்கொண்டது, அடுத்த கார்டைத் தாமதமாகக் கொண்டுவந்தது. இரண்டும் சேர்ந்து முடித்துவிட்டன.

மற்றவர்கள் விலகியோ சுருங்கியோ போக, கடைசியில் நின்றவர்கள் இருவர். கனடாவில் 1985இல் தொடங்கிய ஏடிஐ, அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய என்விடியா.

இந்த இருவருக்கிடையே சந்தை அசையவே அசையாது என்று நினைக்க வேண்டாம். 2002 ஆகஸ்டில் ஏடிஐயின் ரேடியான் 9700 புரோ வந்தபோது என்விடியாவிடம் பதில் இல்லை. அவர்களின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா அடுத்த ஆண்டுதான் வந்தது, வந்தபோது சூடும் சத்தமும் அதிகம், புதிய டைரக்ட்எக்ஸ் 9 (விளையாட்டையும் கார்டையும் இணைக்கும் விண்டோஸ் மென்பொருள்) விளையாட்டுகளில் பின்தங்கியது. அடுத்த ஈராண்டில் ஏடிஐ என்விடியாவுக்குச் சமமாக வந்து, சில காலாண்டுகளில் முந்தவும் செய்தது. ஒரு முழுத் தலைமுறை எதிராளி தடுமாற, அந்த நேரத்தில் இவர் கையில் மேலிருந்து கீழ்வரை எல்லா விலையிலும் நல்ல கார்டும் சரக்கும் இருந்தன. பங்கு நகர்வதற்கு இத்தனையும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

2006 ஜூலையில் ஏஎம்டி 540 கோடி டாலருக்கு ஏடிஐயை வாங்குவதாக அறிவித்தது, அக்டோபரில் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே என்விடியா ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸைக் கொண்டுவந்தது, கூடவே கிராபிக்ஸ் சிப்பைப் பொதுவான கணக்கீடுகளுக்கும் பயன்படுத்த வழிசெய்யும் குடா என்ற திட்டத்தையும் அறிவித்தது. கார்டைப் பற்றித்தான் அன்று எல்லாரும் பேசினார்கள். குடா பற்றி விளையாடுகிறவர்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடன் சுமையோடு ஏஎம்டி ஏடிஐயின் அடுத்த சிப்பை 2007 மே மாதம் வெளியிட்டது. எச்டி 2900 எக்ஸ்டி என்ற அந்தக் கார்டு தாமதமாக வந்தது, சூடாக ஓடியது, 8800ஐத் தொடவில்லை.

அதற்குப் பிறகு வந்த 2008 கோடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போட்டி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டும் உதாரணம் அதுதான். அந்த ஜூனில் என்விடியா ஜிடிஎக்ஸ் 280ஐ 649 டாலருக்கும், அதற்கடுத்த 260ஐ 399 டாலருக்கும் இறக்கியது. சில நாள் கழித்து ஏஎம்டி எச்டி 4870ஐ 299 டாலருக்கு வெளியிட்டது. பெரிய சிப் செய்யாமல் நடுத்தர அளவில் ஒரு சிப் செய்து, புதிதாக வந்த ஜிடிடிஆர்5 மெமரியை அதில் வைத்தார்கள். அது 260ஐ எட்டிப் பிடித்தது, பல இடங்களில் தாண்டியது. சில வாரங்களில் 280இன் விலை 499 டாலராகவும், 260இன் விலை 299 டாலராகவும் இறங்கியது. முதல் வாரத்தில் வாங்கியவர்களுக்குச் சில கார்டு நிறுவனங்கள் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டியும் வந்தது. ஒரே ஒரு கார்டு செய்த வேலை அது.

அடுத்த ஆண்டு 2009 செப்டம்பரில் எச்டி 5870 வந்தது. டைரக்ட்எக்ஸ் 11 ஆதரிக்கும் முதல் வரிசை அது. என்விடியாவின் பதிலான ஃபெர்மி வரிசை 2010 மார்ச் வரை வரவில்லை, வந்தபோது மின்சாரத்தைக் குடித்தது. 2010 நடுவில் லேப்டாப்பையும் சேர்த்த தனி கிராபிக்ஸ் கணக்கில் ஏஎம்டி என்விடியாவைச் சற்றே முந்தியதாக மெர்குரி ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கு சொன்னது. ஆக, நல்ல கார்டு வந்தால் பங்கு ஏறும். தொடர்ந்து இரண்டு தலைமுறை வந்தால் நன்றாகவே ஏறும்.

அப்புறம் ஏன் சரிந்தது? பணம். 2010களின் முதல் பாதியில் ஏஎம்டியின் பிராசஸர் வியாபாரம் இன்டெல்லிடம் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. 2015இல் அதன் பங்கு விலை 2 டாலருக்கும் கீழே போனது. அப்படிப்பட்ட நிறுவனம் ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவழிக்க முடியும்? 2012இல் வந்த கட்டமைப்பையே மெருகேற்றி மெருகேற்றி ஆண்டுகள் ஓட்டினார்கள். 2015இன் ரேடியான் 300 வரிசையில் பல கார்டுகள் முந்தைய வரிசைச் சிப்களையே புதிய பெயரில் கொண்டவை. இதற்கு நடுவே 2014இல் என்விடியா மேக்ஸ்வெல் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. ஜிடிஎக்ஸ் 970 329 டாலருக்கு வந்து, குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை செய்தது. 2015 நடுவில் டெஸ்க்டாப் கார்டுகளில் ஏஎம்டியின் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் கான்சோலையும் சொல்லியாக வேண்டும். 2013இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டின் சிப்பும் ஏஎம்டியுடையது. 2020இன் அடுத்த தலைமுறையும் அதே. ஏஎம்டி உயிர்பிழைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கேம் எழுதுகிறவர்கள் ஏஎம்டி சிப்பில் எழுதிப் பழகிவிடுவார்கள், கணினியிலும் அது கைகொடுக்கும் என்று அன்று பலர் எதிர்பார்த்தார்கள், நானும்தான். ஓரளவு கைகொடுத்தது. ஆனால் பங்கை உயர்த்தவில்லை. உயர்த்தவில்லை என்பது மட்டுமில்லை, 2020இல் அந்தக் கான்சோலே கார்டுக்குப் போட்டியாக வந்து நின்றது.

2020 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்டியின் ரைசன் 5000 பிராசஸர், ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி கார்டு, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் நான்கும் அந்த ஒரே மாதத்தில் கடைக்கு வந்தன. நான்குக்கும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 7 நானோமீட்டர் ஆலைதான் மூலம். கார்டின் சிப் 520 சதுர மில்லிமீட்டர். ரைசனில் இருக்கும் எட்டுக் கோர் சிப்லெட் (பிராசஸரின் ஒரு துண்டுச் சிப்) ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர். அதாவது ஒரு கார்டுச் சிப் வெட்டும் இடத்தில் ஆறு சிப்லெட் வெட்டலாம். 799 டாலருக்கு விற்ற ரைசன் 9 5950எக்ஸுக்கு இரண்டு சிப்லெட் போதும். அப்போது ஆறு சிப்லெட்டில் மூன்று பிராசஸர், ஏறத்தாழ 2,400 டாலர். அதே இடத்தில் வெட்டிய கார்டுச் சிப் 649 டாலர் கார்டுக்குள் போகும். அந்த 649இலும் 16 ஜிபி மெமரி, சர்க்யூட் போர்டு, ஹீட்சிங்க், கார்டு நிறுவனத்தின் லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் அடக்கம். சர்வருக்கான எபிக் பிராசஸரை வைத்துக் கணக்குப் போட்டால் இடைவெளி இன்னும் பெரிது. கான்சோல் நிறுவனங்களுக்கோ ஒப்பந்தப்படி கொடுத்தே ஆக வேண்டும். இப்போது நீங்கள் ஏஎம்டியின் திட்டமிடும் மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், கையில் இருக்கும் வேஃபர் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். எதைக் குறைப்பீர்கள்?

என்விடியா அந்தத் தலைமுறை ஜிஃபோர்ஸ் சிப்களைச் சாம்சங்கின் 8 நானோமீட்டர் ஆலையில் செய்தது. தொழில்நுட்பத்தில் அது டிஎஸ்எம்சியை விட ஒரு படி பின்னால்தான். ஆனால் அங்கே வரிசையில் முன்னால் நிற்க வேறு யாரும் இல்லை. அது எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை மைனிங் செய்து எடுக்கிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போன காலம், ஊரடங்கில் எல்லாரும் கணினி வாங்கிய காலம். எந்தக் கார்டு செய்தாலும் விற்றிருக்கும். ஏஎம்டியிடம் பல ஆண்டுகளுக்குப் பிறகு உச்சி வரை போட்டிபோடும் கார்டு இருந்தது, சரக்கு இல்லை. எத்தீரியம் 2022 செப்டம்பரில் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறி, தட்டுப்பாடு தீர்ந்தபோது அந்த வாய்ப்பும் முடிந்திருந்தது. ஏஎம்டி தவறவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அவர்கள் எடுத்த முடிவு கணக்குப்படி சரி என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இது மறுபடியும் நடக்கும் என்று பயப்படுகிறேன்.

லேப்டாப் விஷயத்திலும் இதே கதைதான். ஒரு லேப்டாப் நிறுவனம் அடுத்த ஆண்டு மாடலை வடிவமைக்கும்போது, இந்தச் சிப் இத்தனை லட்சம், இந்த மாதத்திலிருந்து தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி கேட்கும். வெப்பம் வெளியேறும் வடிவமைப்புக்கு உதவ இன்ஜினியர்களைக் கேட்கும். முன்பே அசெம்பிள் செய்து விற்கும் டெஸ்க்டாப் நிறுவனங்களும் அப்படியே. இந்த இரண்டு வழியிலும் வாங்குபவர்களில் பெரும்பாலோர் விமர்சனம் பார்த்து ஃபிரேம் எண்ணி வாங்குவதில்லை. பெட்டியில் ஆர்டிஎக்ஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேமிங் லேப்டாப் வரிசையைப் பார்த்தால் ரேடியான் தனிச் சிப் உள்ள மாடலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தானே கணினி கட்டுகிற நம்மைப் போன்றவர்களின் பேச்சு இணையத்தில் சத்தமாகக் கேட்கும். எண்ணிக்கையில் நாம் சிறுபான்மை.

மென்பொருள் பக்கம் வருவோம். 2006இல் யாரும் கண்டுகொள்ளாத குடாவை என்விடியா தன் விலை குறைந்த கார்டுகளிலும் வேலை செய்யும்படி வைத்தது. கல்லூரி மாணவன் விளையாட வாங்கிய கார்டிலேயே கற்றுக்கொள்ள முடிந்தது. 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் எல்லாரையும் அசத்திய அலெக்ஸ்நெட், இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில் பயிற்றுவிக்கப்பட்டது. இரண்டும் கடையில் கிடைக்கும் கேமிங் கார்டுகள். அந்தப் பழக்கத்தின் மேல்தான் இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் பெரும்பகுதி நிற்கிறது. குடாவுக்குப் போட்டியான ஏஎம்டியின் ராக்எம் 2016இல்தான் வந்தது, வந்த பிறகும் நீண்ட காலம் சாதாரண ரேடியான் கார்டுகளை அது அரைமனதாகவே ஆதரித்தது. இன்று கார்டு வாங்குபவர் விளையாட மட்டும் வாங்குவதில்லை. வீடியோ எடிட் செய்வார், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்வார், வீட்டிலேயே ஒரு மொழி மாதிரியை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவார். இதில் ஏதாவது ஒன்றை என்றாவது செய்வோமோ என்ற நினைப்பே அவரை என்விடியா பக்கம் தள்ளிவிடும்.

விளையாட்டுக்குள்ளும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில், ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங்கும் டிஎல்எஸ்எஸும் வந்தபோது, காசுக்குத் தகுந்த பலன் இல்லை என்று பலர் சொன்னார்கள். அன்று அது உண்மைதான். 2020இல் டிஎல்எஸ்எஸ் 2 வந்ததும் நிலை மாறியது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, படத்தை நன்றாகப் பெரிதாக்கித் தருவது நடைமுறையில் இலவச ஃபிரேம் கிடைப்பது போல ஆனது. அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2021இல் வந்து எல்லாக் கார்டுகளிலும் வேலை செய்தது, அது பாராட்டத்தக்கது. ஆனால் படத்தின் தரத்தில் பின்தங்கியே இருந்தது. இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தும் எஃப்எஸ்ஆர் 4 2025இல்தான் வந்தது, வந்தபோது புதிய 9000 வரிசைக்கு மட்டும். தரத்தில் பெருமளவு நெருங்கிவிட்டார்கள். நெருங்க ஐந்து ஆண்டு எடுத்தது.

விலையில் ஏஎம்டி திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு தவறு எனக்குக் கோபம் தருகிறது. என்விடியா விலை சொல்லும் வரை காத்திருந்து, அதிலிருந்து ஐம்பது, நூறு டாலர் குறைத்து விலை வைப்பது. 2022 டிசம்பரில் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டியை 899 டாலருக்கு வெளியிட்டார்கள். விமர்சனங்கள் எல்லாம் விலையைக் குறை சொல்லின. சில மாதங்களில் கடையில் விலை நன்றாக இறங்கியது, அப்போது அது நல்ல கார்டு. ஆனால் முதல் நாள் விமர்சனம் அப்படியே நிற்கும், யாரும் திரும்ப எழுத மாட்டார்கள். 9070 எக்ஸ்டிக்கு 599 டாலர் என்று சொன்னபோது, 749 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐக்கு எதிரில் அது உண்மையான போட்டியாக இருந்தது. கூட்டமும் அள்ளியது. பிறகு பல மாதங்களுக்கு அறிவித்த விலையில் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

இன்டெல்லுக்கு இது முதல் முயற்சி இல்லை. 1998இல் ஐ740 என்ற தனிச் சிப்பை வெளியிட்டு சீக்கிரமே விலகியது. லாரபீ என்ற பெரிய திட்டத்தை நுகர்வோர் கார்டாக வெளிவரும் முன்பே 2009 இறுதியில் கைவிட்டது. 2022 அக்டோபரில் ஆர்க் ஏ770 கார்டு வந்தபோது பழைய டைரக்ட்எக்ஸ் 9 விளையாட்டுகளில் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) திணறியது. இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு விளையாட்டின் கோணல்களுக்கும் மற்ற இருவரும் டிரைவரில் வைத்திருக்கும் தனித்தனிச் சரிக்கட்டல்கள் புதிதாக வருபவரிடம் இருக்காது. இந்தத் துறையின் உயரமான வேலி அதுதான். இன்டெல் பொறுமையாக அதைச் சரிசெய்துகொண்டே வந்தது. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி மெமரியோடு வந்த பி580 எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது. ஆனால் அதன் சிப் 272 சதுர மில்லிமீட்டர், டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் ஆலையில் செய்தது. அந்த விலைக்கு அது பெரிய சிப். விற்க விற்க லாபம் மெலிதாகத்தான் இருக்கும், ஆகவே நிறையச் செய்யும் ஆர்வமும் மெலிதாகத்தான் இருக்கும். 2025 செப்டம்பரில் என்விடியா இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாகவும், இன்டெல் பிராசஸரோடு ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸைச் சேர்த்துச் செய்வதாகவும் இரு நிறுவனங்களும் அறிவித்தன. ஆர்க் அப்படியே தொடரும் என்று நம்ப விரும்புகிறேன், ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகு நம்பிக்கை குறைந்துவிட்டது.

கார்டு செய்யும் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசுஸ், கிகாபைட் இரண்டு சிப்பிலும் செய்கிறார்கள். சஃபையர், பவர்கலர் ரேடியான் பக்கம். ஸோட்டாக், இன்னோ3டி இரண்டும் ஒரே குழுமம். இவர்களுக்குள் இருக்கும் போட்டி பெரும்பாலும் விசிறி, வாரண்டி, விளக்கு சார்ந்தது. லாபம் மிகக் குறைவு. ஜிஃபோர்ஸ் கார்டுகளால் பேர்பெற்ற ஈவிஜிஏ 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு வெளியேறியது. வேறு சிப்புக்கும் மாறவில்லை. இத்தனை பெரிய பெயருள்ள நிறுவனம் அப்படி முடிவெடுக்கிறது என்றால், சிப் செய்பவருக்கும் கார்டு செய்பவருக்கும் நடுவில் லாபம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இனி மாறுமா என்ற கேள்விக்கு என்விடியாவின் வரவுகளைப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் மொத்த வருவாய் 13,050 கோடி டாலர். அதில் டேட்டா சென்டர் 11,520 கோடி. கேமிங் 1,135 கோடி. அதற்கு மூன்று ஆண்டுக்கு முன் கேமிங்தான் டேட்டா சென்டரை விடப் பெரியது, 1,246 கோடிக்கு 1,061 கோடி. அப்படியென்றால் கேமிங் சற்றே சிறுத்தது, மற்றது பத்து மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. முன்பு சொன்ன வேஃபர் கணக்கு இப்போது என்விடியாவுக்கும் பொருந்துகிறது. ஏஎம்டிக்குப் பிராசஸர் எப்படியோ, என்விடியாவுக்கு டேட்டா சென்டர் சிப் அப்படி. ஏஎம்டியும் டேட்டா சென்டர் பக்கமே ஓடுகிறது. ஆக இருவருக்குமே விலை குறைந்த கேமிங் கார்டு என்பது கையில் மிச்சம் இருந்தால் செய்யும் வேலையாகிவிட்டது. போட்டி குறைந்ததால் மட்டும் விலை ஏறவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே ஆலையின் வாசலில் அதிகப் பணம் தரும் வேறு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள்.

2024 செப்டம்பரில் ஏஎம்டியின் கிராபிக்ஸ் பிரிவுக்குப் பொறுப்பான ஜாக் ஹுயின் ஒரு பேட்டியில், உச்சக் கார்டைத் துரத்தாமல் எண்ணிக்கையைப் பெருக்குவதே நோக்கம், 40 சதவீதப் பங்கு வேண்டும் என்ற பொருளில் பேசினார். ஆட்கள் நிறைய இருந்தால்தான் மென்பொருள் எழுதுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற அவர் எண்ணம் மிகச் சரி. 9070 அந்த வழியில் முதல் அடி. ஆனால் ஒரு தலைமுறையால் ஆகாது என்பதைத்தான் 2002, 2008, 2009 மூன்றையும் வைத்து மேலே பார்த்தோம். அடுத்ததும் அதற்கடுத்ததும் நேரத்துக்கு, போதுமான எண்ணிக்கையில் வர வேண்டும். லேப்டாப்பிலும் வர வேண்டும். அங்கே எனக்கு நம்பிக்கை தருவது தனி கார்டு இல்லை, 2025இல் வந்த ரைசன் ஏஐ மேக்ஸ் போன்ற சிப். பிராசஸருக்குள்ளேயே 40 கம்ப்யூட் யூனிட் கொண்ட கிராபிக்ஸ் இருக்கிறது. விலைதான் இப்போதைக்கு அதிகம். அது இறங்கினால் கீழ்மட்ட லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புக்கே தேவை இல்லாமல் போகும். அப்போது பங்குக் கணக்கை எப்படிப் போடுவது என்பதே மாறிவிடும்.

கடைசிக் கேள்வி, இப்போது எதை வாங்குவது. எதிர்காலப் போட்டியைக் காப்பாற்றுவதற்காகப் பிடிக்காத கார்டை வாங்க வேண்டாம், அது உங்கள் கடமை இல்லை. செயற்கை நுண்ணறிவு மாடல் பயிற்சி, ரெண்டரிங் உங்கள் வேலையில் இருந்தால் என்விடியா வாங்குங்கள், மெமரி 16 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். விளையாட மட்டும் என்றால், வாங்கும் நாளில் கடையில் கிடைக்கும் விலையில் 9070 எக்ஸ்டியையும் 5070 டிஐயையும் வைத்துப் பாருங்கள். அறிவித்த விலையை மறந்துவிடுங்கள். நீங்கள் அதிகம் விளையாடும் நான்கைந்து கேம்களில் எஃப்எஸ்ஆர் 4 ஆதரவு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இருந்து, விலை வித்தியாசமும் நூறு டாலருக்கு மேல் இருந்தால் நான் ரேடியானைத்தான் எடுப்பேன்.